தட்டைத் தடத்தில் 42 கிலோமீற்றர்: வாசகர் கேள்வி பதில்

ரயில் ஓடாமல் போன பாதையில் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் கழற்றிவிட்டு, கல்தூள் பரப்பி, நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் சைக்கிள்காரருக்கும் கொடுத்துவிடுவது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. நியூசிலாந்தின் ஒட்டாகோ தடம் 152 கிலோமீற்றர் நீளம். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து எல்ரோய்–ஸ்பார்ட்டா தடம் 1960களிலேயே தொடங்கியது. இத்தகைய தடங்களில் நூறு, இருநூறு பேர் மட்டும் ஓடும் சிறிய மரதன்கள் நடக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மூர்க்காரர் சிலர் அவற்றில் பெயர் கொடுத்துவிட்டு எங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். இங்கேயே அப்படி ஒன்றை நடத்த நினைப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழின் பக்கம் முழுவதும் அவர்களுக்கு.

கேள்வி: எனக்கு 46 வயது. அரை மரதன் இரண்டு ஓடியிருக்கிறேன். கடைசியாக 2 மணி 10 நிமிடம். ஒக்டோபரில் கனடாவில் மகனிடம் போகும்போது பழைய ரயில் தடமொன்றில் முழு மரதன் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். "முழுக்கத் தட்டை அம்மா, சுகமாய் ஓடலாம்" என்கிறான் மகன். அவன் சொல்வது சரிதானா?
— வாசகி, உவர்மலை

பதில்: பாதி சரி. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது பிடிமானம் குறைவு. அதனால் ரயில் செங்குத்தாய் ஏறாது. பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை மண்ணால் நிரப்பியும் சரிவைப் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டுக்குள் வைத்தார்கள். அந்த உழைப்பின் பலன் இன்று ஓடுபவருக்குக் கிடைக்கிறது.

ஆனால் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு கண்ணுக்குத் தெரியாது. 10 கிலோமீற்றருக்கு அப்படியே ஏறினால் 100 மீற்றர் உயர்ந்திருப்பீர்கள். "தட்டையில்தானே ஓடுகிறேன், ஏன் இன்றைக்கு இழுக்கிறது" என்று மனம் சோர்ந்து வேகத்தைக் கூட்டுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஏற்பாட்டாளர்கள் தரும் உயர வரைபடத்தை மகனிடம் சொல்லி எடுத்துப் பாருங்கள். போய்த் திரும்பும் ஓட்டமென்றால் எந்தப் பாதி ஏற்றம் என்று தெரிந்திருக்க வேண்டும். முதற்பாதி ஏற்றமானால் நல்லது. முதற்பாதி இறக்கமானால் கவனம், ஏனென்றால் அந்த இலவச வேகத்தைத் திரும்பும்போது வட்டியோடு கேட்கும்.

தட்டைத் தடத்தின் உண்மையான சிக்கல் வேறு. உங்களை மறிக்க அங்கே ஒன்றுமே இல்லை. மேடிருந்தால் மேடு மறிக்கும், வளைவிருந்தால் வளைவு மறிக்கும், பெரிய போட்டியில் முன்னால் நிற்கும் கூட்டமே மறிக்கும். ரயில் தடத்தில் தொடக்க மணி அடித்ததும் நேர்கோடு. குளிர்ந்த காலை, புதுக்கால். முதல் 10 கிலோமீற்றரை உங்கள் அரை மரதன் வேகத்தில் ஓடிவிடுவீர்கள், ஓடுவது தெரியவும் தெரியாது. அதன் விலை 30ஆவது கிலோமீற்றரில் தெரியும்.

ஆகவே கணக்கோடு போங்கள். 2 மணி 10 நிமிட அரை மரதனை வைத்துப் பார்த்தால், நன்றாகப் பயிற்சி செய்தவருக்கு முழு மரதன் 4 மணி 30 நிமிடத்தை ஒட்டி வரும். முதல் தடவை என்பதால் 4 மணி 40 நிமிடத்தை இலக்காக வையுங்கள். அது கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 38 விநாடி. முதல் 10 கிலோமீற்றரை 6 நிமிடம் 48 விநாடியில் ஓடினால் 68 நிமிடத்தில் 10 வரும். மீதி 32 கிலோமீற்றரை 6 நிமிடம் 35 விநாடியில் ஓடினால் கணக்கு நேராகிவிடும். இலக்கு வேகத்தைவிட 3 விநாடிதான் கூட்டுகிறீர்கள். ஆரம்பத்தில் 100 விநாடியை விட்டுக்கொடுப்பதால் எந்த நட்டமும் இல்லை.

இன்னொன்று. மேடு பள்ளமுள்ள பாதையில் ஏறும்போது ஒரு தசை உழைக்கும், இறங்கும்போது வேறொன்று. தட்டையில் ஒரே தசை, ஒரே கோணம், ஒரே நீள அடி, நாற்பதாயிரத்துக்கு மேல் அடிகள். கெண்டைக்காலும் இடுப்பின் பக்கங்களும் 25 கிலோமீற்றருக்குப் பிறகு இறுகுவது அதனால்தான். இறுகிய பிறகு மருந்தில்லை, முன்கூட்டியே மாற்றம் கொடுக்க வேண்டும். தண்ணீர் மேசை வரும்போதெல்லாம் 40 விநாடி நடந்தே குடியுங்கள். அரை மணிக்கொரு தடவை இருபது அடிக்கு முழங்காலைச் சற்று உயர்த்தி ஓடி, மறுபடி பழைய அடிக்கு வாருங்கள். தடத்தின் நடு சற்று உயர்ந்தும் இரு ஓரமும் சரிந்தும் இருக்கும். ஓரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழுந்து முழங்காலின் வெளிப்பக்கம் நோகும். நடுவில் இடம் கிடைத்தால் நடுவில் ஓடுங்கள், கிடைக்காவிட்டால் பக்கத்தை மாற்றி மாற்றி ஓடுங்கள்.

கேள்வி: அப்படியான தடம் நம் பக்கம் இல்லையே. ரயில் பாதை ஓரமாக ஓடிப் பழகினால் என்ன?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: வேண்டாம். கல் ஓயாவிலிருந்து திருகோணமலைக்கு வரும் பாதை 1927இல் திறக்கப்பட்டது, இன்றும் ரயில் ஓடுகிறது. பாதையில் நடப்பதே சட்டப்படி குற்றம். காதில் பாட்டோடு ஓடுபவருக்குப் பின்னால் வரும் ரயில் கேட்காது. சட்டத்தையும் ஆபத்தையும் ஒரு பக்கம் வைத்தாலும் அது பயிற்சிக்கு உதவாது. சிலிப்பர் கட்டைகளின் இடைவெளி ஓடும் அடிக்குப் பொருந்தாது. கட்டைக்குக் கட்டை வைத்தால் அடி குறுகும், ஒன்றுவிட்டு ஒன்று வைத்தால் நீளும். இடையில் இருக்கும் சல்லிக்கல்லில் கணுக்கால் புரளும்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இதைவிட நல்லது இருக்கிறது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவரும் பெரிய வாய்க்கால்களின் கரைப்பாதையைப் பாருங்கள். தண்ணீர் தானாக ஓட வேண்டுமென்பதால் வாய்க்கால் மிக மெல்லிய சரிவில்தான் போகும். அதன் கரையும் அப்படியே. கிறவல் தரை, நீளமான நேர்கோடு, நிழல் இல்லை, இரண்டு பக்கமும் வெளி. ரயில் தடத்துக்கு இதைவிட நெருங்கிய பயிற்சித் தரை திருகோணமலை மாவட்டத்தில் கிடையாது என்பது எங்கள் கருத்து. ஒரேயொரு நிபந்தனை: விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் இறங்க வேண்டும், பொழுதுபடுமுன் வெளியேறிவிட வேண்டும். கந்தளாய், தம்பலகாமப் பக்கம் யானை வரும் நேரம் இருட்டும் விடியலும். முதல்நாள் இரவு எங்கே நின்றது என்று வயற்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

பட்டணத்தில் இருப்பவர்களுக்கு உப்புவெளியிலிருந்து நிலாவெளி போகும் றோட்டு போதும். கடற்கரை மணலை நீண்ட ஓட்டத்துக்கு நம்பாதீர்கள். ஈரமணல் இறுகலாக இருந்தாலும் கடல் பக்கம் சரிந்தே கிடக்கும். 5 கிலோமீற்றருக்கு நல்லது, 20 கிலோமீற்றருக்குக் கூடாது.

கேள்வி: அந்தத் தடத்துக்கு என்ன சப்பாத்து? நான் முழுக்கை உடுப்பும் தலைமறைப்பும் போட்டுத்தான் ஓடுவேன். 15 கிலோமீற்றர் தாண்டினால் கைக்கட்டிலும் கழுத்திலும் உரசிப் புண்ணாகிறது.
— வாசகி, கிண்ணியா

பதில்: சாதாரண றோட்டுச் சப்பாத்து போதும். மலைப்பாதைக்கான பல்லுள்ள அடி தேவையில்லை, இறுகிய கல்தூளில் அது பாரம் மட்டுமே. நீங்கள் வழக்கமாகப் போடும் அளவைவிட அரை அளவு பெரிதாக எடுங்கள். பெருவிரலுக்கு முன்னால் கைப்பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பாதம் வீங்கும். இடமில்லாவிட்டால் நகம் கறுக்கும். போட்டிக்குமுன் அந்தச் சோடியில் 60 முதல் 100 கிலோமீற்றர் ஓடியிருங்கள்.

கல்தூள்தான் பெரிய தொல்லை. குதி பின்னால் உதைக்கும் பொடி கணுக்கால் வழியாகச் சப்பாத்துக்குள் விழும். பத்துக் கிலோமீற்றரில் அது குதியடியில் உப்புத்தாள்போலத் தேய்க்கத் தொடங்கும். கணுக்காலுக்கு மேலே வரும் காலுறையைப் போட்டு, அதன் மேல்விளிம்பைச் சப்பாத்தின் விளிம்புக்கு வெளியே மடித்துவிட்டால் பெரும்பாலும் தடுக்கலாம். உள்ளே ஒன்று விழுந்துவிட்டால் அந்தக் கணமே நின்று கொட்டுங்கள். ஒரு நிமிடம் போனால் போகட்டும், கொப்புளத்தோடு ஓடும் 20 கிலோமீற்றர் அதைவிட அதிகம் தின்னும்.

உடுப்பைப் பற்றி: பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துக் கனத்து, உப்புப் படிந்து, அதுதான் அரம்போல உரசுகிறது. விளையாட்டு உடுப்புத் துணியில் முழுக்கையே தையுங்கள், ஆனால் கைக்கட்டில் சதையோடு ஒட்டாமல் இரண்டு விரல் தளர்வு வையுங்கள். தையல் விளிம்பு உள்ளே தடித்திருந்தால் உடுப்பைப் புரட்டிப் போட்டாலும் பரவாயில்லை. தலைமறைப்புக்கு ஊசி குத்தாமல், தலைவழியே இழுத்துப் போடும் ஒரே துண்டுத் துணி நல்லது. கழுத்தடி, கைக்கட்டு, தொடையின் உட்பக்கம், மார்புக் கச்சையின் கீழ்விளிம்பு, இந்த நான்கு இடத்திலும் புறப்படுமுன் வஸ்லின் தாராளமாகப் பூசுங்கள். மெல்லிய பூச்சு ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஒரு சிறு பையில் கொஞ்சம் கொண்டுபோய்ப் பாதித் தூரத்தில் மறுபடி பூசுங்கள்.

கேள்வி: 30 கிலோமீற்றரில் "சுவர்" என்கிறார்களே, அது என்ன? ஓடும்போது உறிஞ்சுவதற்குக் கடையில் விற்கும் ஜெல் என்ற இனிப்புக் கூழை வாங்க வசதியில்லை. நம் சாப்பாட்டில் எதைக் கொண்டு ஓடலாம்? ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசலைக் குடித்தால் போதாதா?
— வாசகர், சாம்பல்தீவு

பதில்: தசையும் ஈரலும் சேமித்து வைக்கும் மாச்சத்து பெரும்பாலானவர்களுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்குத்தான் வரும். அது தீர்ந்ததும் உடம்பு கொழுப்பை நம்ப வேண்டும், கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். கால் நகராது, தலை மந்தமாகும், காரணமில்லாமல் அழுகைகூட வரும். இதைத் தள்ளிப்போட இரண்டே வழி: வேகத்தை அடக்குவது, ஓடும்போதே சாப்பிடுவது.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்று கணக்கு வையுங்கள். ஜெல் ஒன்றில் 20 முதல் 25 கிராம். நடுத்தரமான வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ அதே அளவு, சிறிய கதலியானால் குறைவு. பனங்கட்டி ஏறக்குறைய முழுவதும் சீனிதான், 25 கிராம் துண்டு ஒரு ஜெல்லுக்குச் சமம். அதைக் கடித்து விழுங்காமல், நாலு சிறு துண்டாக உடைத்து வாயில் கரையவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். பேரீச்சம்பழத்தின் கொட்டையை வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போங்கள். பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. 45ஆவது நிமிடத்தில் தொடங்கி, அரை மணிக்கொரு தடவை. நீண்ட பயிற்சி ஓட்டங்கள் ஐந்தாறிலாவது இதையே சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். பழக்காத வயிறு போட்டியன்று திருப்பித் தரும்.

ஜீவனி உப்பையும் நீரையும் உடம்புக்குள் சேர்ப்பதற்கு. உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி அப்படியான கரைசல் 1 லீற்றரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அதைச் சாப்பாடு என்று எண்ணி ஓடுபவர் சுவரில் மோதுவார். இனிப்புக் கூடட்டும் என்று 1 லீற்றர்ப் பக்கெற்றை அரை லீற்றரில் கரைப்பது அதைவிடப் பிழை. உப்பு இரட்டிப்பாகி வயிற்றைப் பிரட்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகும் சோடியம் குறைவு. ஓட்டம் முடிந்த பிறகு உப்புள்ள சாப்பாட்டோடு குடிக்க அருமையானது.

எவ்வளவு குடிப்பது என்பதை நீங்களே அளக்கலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடுப்போடு நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய 1 லீற்றர் வியர்வை. இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். முழுவதையும் ஈடுசெய்யத் தேவையில்லை, உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு குறைந்தால் பயமில்லை. ஓட்டம் முடிந்து நிறை கூடியிருந்தால்தான் பயம். வெறும் தண்ணீரை அளவுக்குமேல் குடித்து இரத்தத்தில் சோடியம் குறைந்து மயங்கியவர்கள் பெரும்பாலும் பின்னால் மெதுவாக ஓடுபவர்களே. தாகத்துக்குக் குடியுங்கள்.

கேள்வி: சிறிய போட்டி என்றால் எதற்கு ஆயத்தமாக வேண்டும்? ஓடுபவர் 120 பேர்தானாம்.
— வாசகர், லிங்கநகர்

பதில்: 10 கிலோமீற்றருக்குப் பிறகு தனியே ஓடுவதற்கு. முன்னால் ஒருவர் புள்ளியாய்த் தெரிவார், பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். தடத்தில் வேடிக்கை பார்க்க ஆளில்லை. தண்ணீர் மேசைகள் எத்தனையாவது கிலோமீற்றரில் என்று எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். இடைவெளி 5 கிலோமீற்றருக்கு மேலென்றால் கையிலோ இடுப்பிலோ அரை லீற்றர்ப் போத்தல் வேண்டும். மலசலகூடம் எங்கே என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

தடம் றோட்டைக் கடக்கும் இடமெல்லாம் வாகனம் நுழையாதபடி நடுவில் ஒரு தூண் நட்டிருப்பார்கள், இடுப்பளவு உயரம். தொடக்கத்தில் நெருக்கமாக ஓடும்போது முன்னால் போகிறவர் விலகியபின்தான் அது உங்கள் கண்ணில் படும். தொடைக்கு நேரே இருக்கும். முதல் இரண்டு மூன்று கடவை வரை முன்னவருக்கு நேர் பின்னால் ஓடாதீர்கள். சிறிய போட்டியில் றோட்டை முழுதாக மூடமாட்டார்கள். கடவையில் நிற்கும் தொண்டர் கை காட்டினால்தான் இறங்க வேண்டும்.

மரங்கள் கவிந்த இடத்திலும் சுரங்கத்திலும் கைக்கடிகாரத்தின் ஜி.பி.எஸ். பிழைக்கும். அது காட்டும் வேகத்தைப் பார்த்து ஓடினால் வீணாய் வேகம் கூட்டுவீர்கள். தடத்தில் நட்டிருக்கும் தூரப் பலகைக்குப் பலகை நிமிடத்தை எண்ணுங்கள். சுரங்கம் உண்டென்றால் சிறு தலைவிளக்கு வேண்டும், உள்ளே ஈரமும் குளிருமாக இருக்கும்.

குளிர் என்றதும் ஒன்று. நம்மூரில் ஓடிப் பழகியவருக்கு ஒக்டோபர்க் காலையில் 6, 7 பாகை என்பது விரல் மரத்துப்போகும் குளிர். மரத்த விரலால் ஜெல் பக்கெற்றின் வாயைக் கிழிக்க முடியாது, பல்லால் கிழித்தால் பாதி கீழே போகும். மலிவான கையுறை ஒரு சோடி போடுங்கள். பக்கெற்றின் வாய்ப்பக்கத்தை வீட்டிலேயே சிறிது வெட்டிக் காயவிடாமல் ஒட்டிவையுங்கள். பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுப் போய்த் தொடக்கக் கோட்டில் கழற்றிவிடலாம்.

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழகம் நிலாவெளி றோட்டில் நூறு பேரோடு ஒரு மரதன் நடத்த விரும்புகிறது. மாதம், நேரம், தூரம் அளப்பது, தண்ணீர் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதுங்கள்.
— கழகச் செயலாளர், நிலாவெளி

பதில்: மாதத்தில் தொடங்குவோம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று, காலை எட்டு மணிக்கே அனல். மிஞ்சுவது மாசி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. அதிகாலை 4 மணிக்குத் தொடங்குங்கள். மாசியில் சூரியன் 6.20ஐ ஒட்டித்தான் எழும், அதற்குள் பெரும்பாலானவர்கள் பாதித் தூரம் தாண்டியிருப்பார்கள். கடைசி எல்லை ஐந்தரை மணி நேரம், அதாவது 9.30. அதற்குமேல் யாரையும் வெயிலில் விடாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

தடம்: 42.195 கிலோமீற்றரை நாலாகப் பிரித்தால் 10.549. ஒரு முனையிலிருந்து அவ்வளவு தூரம் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பினால் மரதன். தொடக்கமும் முடிவும் ஒரே இடம். ஐந்து மேசைகளே போதும். விழுந்தவரைத் தேட 42 கிலோமீற்றர் அலைய வேண்டாம். உலக தடகள விதிப்படி சாதனைக்கு ஏற்கப்படும் தடத்தில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே கிலோமீற்றருக்கு 1 மீற்றருக்கு மேல் இறக்கம் இருக்கக் கூடாது, நேர்கோட்டுத் தூரம் ஓட்டத் தூரத்தின் பாதியைத் தாண்டக் கூடாது. போய்த் திரும்பும் தடத்தில் இரண்டுமே பூச்சியம்.

அளப்பதைத் தொலைபேசியிடமோ மோட்டார்சைக்கிள் மீற்றரிடமோ விடாதீர்கள். முறையான வழி சைக்கிள். முன்சில்லில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற எண்ணி பொருத்துவார்கள். சில்லு ஒரு சுற்றுச் சுற்ற இருபதுக்கு மேல் எண்ணும், ஆகவே ஓர் எண் என்பது ஒரு சாணிலும் குறைவு. முதலில் நேரான றோட்டில் இரும்பு நாடாவால் 300 மீற்றர் அளந்து இரு முனையிலும் ஆணி அறையுங்கள். அதில் நாலு தடவை ஓட்டி எண்ணைக் குறித்து, கிலோமீற்றருக்கு எத்தனை என்று கண்டு, அதை 1.001ஆல் பெருக்குங்கள். அந்த ஆயிரத்தில் ஒன்று, தடம் தப்பித்தவறியும் குறைந்துவிடாமல் இருப்பதற்கு. முழு மரதனுக்கு அது 42 மீற்றர். பிறகு தடத்தை அளந்து, உடனே திரும்பிவந்து 300 மீற்றரில் மறுபடி நாலு தடவை. வெயில் ஏற ஏற டயரில் காற்று விரிந்து சில்லு பெருக்கும், அதே தூரத்துக்கு எண் குறையும். ஆகவே விடியலில் அளந்து முடியுங்கள், முன்னும் பின்னும் வந்த இரண்டு எண்களில் பெரியதை எடுங்கள். வளைவில் ஓடுபவர் உட்பக்கம்தான் வெட்டுவார், சைக்கிளும் விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றரில் அப்படியே வெட்டி ஓட வேண்டும். றோட்டின் நடுவே ஓட்டி அளந்தால் தடம் குறைந்துபோகும், ஓடியவர்களின் நேரம் செல்லாது.

தண்ணீர்: ஐந்து மேசைகள், தொடக்கத்தில் ஒன்று, திரும்புமிடத்தில் ஒன்று, இடையில் மூன்று. இடை மேசை ஒவ்வொன்றையும் ஒருவர் நாலு தடவை கடப்பார், திரும்புமிடத்தை இரண்டு தடவை, தொடக்க மேசையை நடுவில் ஒரு தடவை. ஆக 15. ஒவ்வொரு தடவையும் குடிக்க 150 மில்லிலீற்றர், தலையில் ஊற்ற 150. நூறு பேருக்கு 450 லீற்றர். 19 லீற்றர்ப் போத்தல் 24 போதுமென்று கணக்கு சொல்லும். நீங்கள் 32 வையுங்கள், அதில் பாதியை 7 மணிவரை தொடாமல் வையுங்கள். முன்னால் ஓடுபவர்கள் இருட்டில் குறைவாகவே குடிப்பார்கள். தண்ணீர் உண்மையில் தேவைப்படுவது வெயிலில் கடைசியாக வருபவருக்கு. அவர் வரும்போது மேசை வெறுமையாக இருப்பதுதான் சிறிய போட்டிகளில் அடிக்கடி நடக்கும் பிழை, மன்னிக்க முடியாத பிழையும் அதுதான்.

முடிவுக் கோட்டருகே நிழலில் 150 முதல் 200 லீற்றர் கொள்ளும் தொட்டி ஒன்று, நிறையத் தண்ணீரும் ஐஸும். மீன் வைக்கும் கட்டி ஐஸ் மலிவாகக் கிடைக்கும். தொட்டிக்கு மட்டும் அதைப் பாவியுங்கள், குடிதண்ணீரில் ஒரு துண்டும் விழக் கூடாது. ஓடுபவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, கோபப்பட்டுச் சண்டைக்கு வந்தாலோ அது வெப்பத் தாக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்க்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், ஓடுபவருக்கு வியர்த்துக்கொண்டேயும் அது வரும். கழுத்துவரை தொட்டியில் அமர்த்தி, ஒருவர் தலையைத் தாங்க, ஒருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்துவிட்டு, வண்டி வந்த பிறகும் வைத்தியர் சொல்லும்வரை குளிரவையுங்கள். முதலில் குளிர்த்துவது, பிறகு ஏற்றுவது. தொட்டியருகே ஒரு வைத்தியரை இருத்த முடியாவிட்டால் இந்த வருடம் அரை மரதனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொலிஸ் அனுமதியை இரண்டு மாதம் முன்னதாகவே எழுத்தில் கேளுங்கள். விடியலில் மீன் ஏற்றும் லொறிகள் எந்த நேரம் ஓடும் என்று வாடிக்காரரிடம் விசாரித்து, அந்த நேரத்தைத் தொண்டர் பட்டியலில் குறியுங்கள்.

கேள்வி: அதிகாலையில் நாய்கள் துரத்துகின்றன. என்ன செய்வது?
— வாசகர், மூதூர்

பதில்: ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடும் காலைத்தான் அது துரத்துகிறது. முகத்தைப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல், பக்கவாட்டில் விலகுங்கள். குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தால் பெரும்பாலும் பின்வாங்கும். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீறல் என்றாலும் போங்கள்.

கேள்வி: முழங்கால் நோவுக்கு ஓட்டத்துக்கு முன் மாத்திரை போடலாமா?
— வாசகர், சீனக்குடா

பதில்: இபுபுரோபன், டைக்ளோபெனாக் வகை மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்னும் ஓடும்போதும் போடவே கூடாது. நீர் குறைந்த உடம்பில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும். மாத்திரை இல்லாமல் ஓட முடியாத நோவென்றால் அந்த முழங்காலோடு 42 கிலோமீற்றர் போகக் கூடாது.

கேள்வி: போட்டிக்கு எத்தனை நாள் முன்னதாகக் கனடா போய்ச் சேர வேண்டும்? கடைசிக் கிழமைகளில் எவ்வளவு ஓட வேண்டும்?
— வாசகர், பாலையூற்று

பதில்: ரொறன்ரோவுக்கும் நமக்கும் ஒக்டோபரில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். உடம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் சரிக்கட்டும். பத்து நாள் முன்னதாகப் போனால் நல்லது, ஒரு கிழமைக்குக் குறையக் கூடாது. கடைசி நீண்ட ஓட்டமான 30 கிலோமீற்றரை மூன்று கிழமை முன்னதாக இங்கேயே முடித்துவிடுங்கள். அடுத்த கிழமை மொத்தத் தூரத்தில் கால்வாசி குறையுங்கள், அதற்கடுத்தது பாதி. போட்டிக் கிழமையில் மூன்று நாள் மட்டும், 5 முதல் 8 கிலோமீற்றர், அதில் ஒரு தடவை 2 கிலோமீற்றர் போட்டி வேகத்தில். போய் இறங்கிய அன்று ஓட வேண்டாம், 40 நிமிடம் நடந்தால் போதும், காலில் இறங்கிய வீக்கம் வடியும். ஓடும் சப்பாத்தையும் ஒரு சோடி உடுப்பையும் கைப்பையில் கொண்டுபோங்கள். பெட்டி பிந்தி வந்தால் மற்ற எல்லாவற்றையும் அங்கே வாங்கலாம், பழகிய சப்பாத்தை வாங்க முடியாது.